பறவை நாகப் போரும் பாரதப் படுகளமும்

போர்க்கதை கேட்பதில் மக்களுக்குள்ள வேட்கை மிகப் பழமையானது. அரசவையிற் பாடிய பாணர் முதல் ஊர்மன்றிற் பாரதம் வாசிக்கும் பிரசங்கியார் ஈறாக, கதை சொல்வோர் யாவரும் இவ்வேட்கையை நன்கறிந்தே தந்தொழிலை நடத்தி வந்துள்ளனர். இந்நாளில் அவ்வேட்கையைத் தீர்க்கும் பணியிற் பெரும் பங்கைத் தொலைக்காட்சி நாடகங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அது பற்றி யாம் வருந்துகின்றோமல்லேம். ஆனால் போர்க்கதையை எதுவரை பார்த்தல் வேண்டும் என்னும் வினா ஒன்று உளது. அதனை நம் மாணவ நண்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் நாள், அமெரிக்க நாட்டு எச்.பி.ஓ. நிறுவனத்தார் ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ என்னுந் தொடர் நாடகத்தின் இரண்டாம் பருவத்து நான்காம் பகுதியை வெளியிட்டனர். ‘செந்நாகமும் பொன்னாகமும்’ என்று தமிழிற் பெயரிடத்தக்க அப்பகுதியை நம் மாணவர் பலரும் கண்டுள்ளனர். அதனைப் பற்றி ஆர்வத்தோடு பேசவும் கேட்டுள்ளோம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்பார் 2018-இல் வெளியிட்ட நூலைத் தழுவியது இந்நாடகம். அரசன் ஒருவன் இறந்தபின், அவன் மூத்த மனைவியின் மகளுக்கும் இளைய மனைவியின் மகனுக்கும் அரியணை குறித்துப் பகை மூளுகின்றது. இரு திறத்தாரிடத்தும் டிராகன்கள் உள. டிராகனாவது, சிறகுடைய பெரும்பாம்பு போல்வதும் நெருப்பை உமிழ்வதுமாகிய ஒரு கற்பனை விலங்கு. பறவை நாகம் என்று அதனைத் தமிழில் வழங்கலாம்.

கதையின் போக்கைத் திருப்பிய போர் ரூக்ஸ் ரெஸ்ட் என்னுங் கோட்டையின்கண் நிகழ்கின்றது. அரசியின் சார்பில் ரெய்னிஸ் என்னும் மூதாட்டி மெலீஸ் என்ற செந்நாகத்தின்மேல் வருகின்றாள். அவளை எதிர்க்க, இளவரசன் ஏமாண்ட் வேகார் என்ற மிகப் பெரிய நாகத்தோடு காட்டில் மறைந்திருக்கின்றான். அந்நிலையில் அவன் தமையனாகிய அரசன் ஏகான், தாயின் சுடுசொல்லால் உள்ளம் வெந்து, கள்ளுண்ட மயக்கத்தோடு, எவரும் அழையாமலே தன் பொன்னிற நாகத்தின்மேல் ஏறிக் களம் புகுகின்றான். செந்நாகமும் பொன்னாகமும் ஒன்றையொன்று பற்றி வானிற் பொருதுங்கால், தம்பி தன் நாகத்தை ஏவித் தமையன் என்றும் பகைவர் என்றும் பாராமல் இருவர்மேலும் நெருப்பைச் சொரிகின்றான். அரசன் நாகத்தோடு காட்டில் வீழ்கின்றான். தப்பிச் செல்ல இடமிருந்தும் ரெய்னிஸ் திரும்பி வந்து பொருது மடிகின்றாள்.

இதுகாறும் நிகழ்ந்தவற்றையே நம் மாணவர் மிக விரும்பிப் பேசுகின்றனர். எந்நாகம் வலியது, எவர் திறம் பெரிது, எக்கட்சி வெல்லும் என்பனவே அவர்தம் உரையாடலின் பொருள். இஃது அவர்தம் குற்றமன்று. நாடகத்தை வெளியிட்ட நிறுவனத்தாரே அவ்வாண்டு இரு கட்சிக்கும் தனித்தனி முன்னோட்டக் காட்சி வெளியிட்டு, ‘நீவிர் எப்பக்கம்?’ என்று பார்ப்போரைப் பிரித்தனர். பந்தாட்டத்திற் பக்கம் சேர்வதுபோல உடன்பிறந்தார் போரிலும் பக்கம் சேருமாறு உலகம் அழைக்கப்பட்டது.

ஆனால் அப்பகுதி நாகங்கள் வீழ்ந்தவுடன் முடிந்துவிடவில்லை. அரசனின் படைத்தலைவன் கிறிஸ்டன் கோல் மயக்கந்தெளிந்து எழுகின்றான். களமெங்கும் சாம்பல். தன்னோடு வந்த வீரர் எரிந்து கிடக்கும் நிலத்தில் அவன் திகைத்து நடக்கின்றான். அடுத்த பகுதியில், கொன்ற செந்நாகத்தின் தலையை வெற்றிச் சின்னமாகத் தலைநகர்த் தெருவில் வண்டியிலேற்றி வருகின்றனர். மக்கள் ஆரவாரிக்கவில்லை, தீக்குறி கண்டார்போல் ஒடுங்கி நிற்கின்றனர். அந்நாடகத்தின் உண்மையான கருத்து இவ்விரு காட்சிகளில்தான் உளதென்பது எம் துணிபு. வானத்துப் போர் கண்ணைக் கவருவதற்கு. சாம்பற் களம் நெஞ்சைத் தொடுவதற்கு. முன்னதைக் கண்டு பின்னதன் முன்னே எழுந்து சென்றவர் கதையிற் பாதியையே கண்டவராவர்.

இவ்வுண்மையைக் கடல்கடந்து வந்த நாடகத்தினின்று கற்கவேண்டிய நிலையில் நாம் இல்லை. புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளியை அடுத்துப் பாத்தி பாத்தியாக உப்பு விளையும் மரக்காணக் கரையை நம்மவர் பலர் அறிவர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவர். இக்கரையினின்று மேற்கே செஞ்சி வரையும், அதற்கப்பாலும், திரௌபதி அம்மன் கோயில்கள் மிகப் பல. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலை அவற்றுள் முதன்மையாகப் போற்றுவர். பாத்திகளில் உப்பு வாருங் கோடைக் காலமும் இக்கோயில்களில் பாரத விழா நிகழுங் காலமும் ஏறத்தாழ ஒன்றே. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பிரசங்கியார் பாடிப் பொருள் விரிப்பார். இரவில் அக்கதையையே தெருக்கூத்தர் விடியுமளவும் ஆடுவர். ஓர் இரவுக்கு ஒரு பகுதியாக நாள்தோறுந் தொடரும் நாடகம் தொலைக்காட்சி தோன்றுமுன்னரே இந்நாட்டில் இருந்ததென்பதை நம் மாணவர் நினைத்துப் பார்ப்பாராக.

வானத்தில் நாகம் பொருத கதையும் நமக்கு உண்டு. அருச்சுனனுக்கு நாககன்னியாகிய உலூபியிடம் பிறந்தவன் அரவான். வியாச பாரதத்தின் வீட்டும பருவத்தில், எட்டாம் நாட் போரில் அவன் சகுனியின் உடன்பிறந்தாரை வீழ்த்துகின்றான். உடனே துரியோதனன் அலம்புசன் என்னும் அரக்கனை அவன்மேல் ஏவுகின்றான். இருவரும் மாயத்தால் வானில் எழுந்து பொருகின்றனர். அரவான் ஆதிசேடனை ஒத்த பெரும்பாம்பின் வடிவங் கொள்ள, அவன் தாய்வழிச் சுற்றமாகிய நாகங்கள் சூழ்கின்றன. அரக்கனோ கருடனாகி அந்நாகங்களை விழுங்குகின்றான். தன் சுற்றம் மாய்வது கண்டு அரவான் மயங்கி நிற்குங்கால் அவன் தலை துணிக்கப்படுகின்றது.

தமிழ்நாட்டார் இக்கதையை இவ்வளவில் விடவில்லை. போர் தொடங்குமுன் களப்பலி வேண்டுமெனவும், முப்பத்திரண்டு இலக்கணமும் அமைந்த உடல் வேண்டுமெனவும், அத்தகையார் கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே எனவும், முன்னிருவரும் போருக்கு வேண்டியவராதலால் இளையவனே பலியாக இசைந்தான் எனவும் கூறினர். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இக்களப்பலிச் செய்தி காணப்படுகின்றது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில், சித்திரை முழுநிலவையொட்டித் திருநங்கையர் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து வெள்ளாடை உடுத்து அழுவது உலகறிந்த செய்தி. போரின் பொருட்டு இறந்த ஓர் இளைஞனுக்கு அழுவதற்கு ஒருவரும் இல்லாமற் போகலாகாது என்பதே இவ்விழாவின் உட்பொருளாக எமக்குத் தோன்றுகின்றது. வடமொழி நூல் போர்த்திறத்தைப் பாட, நம்மவர் இழவையுங் காத்தனர்.

இவ்வியல்பைப் பாரத விழாவின் இறுதி நாளிலும் காணலாம். பதினெட்டாம் போர்க் கூத்து முடிந்து பொழுது புலர்ந்ததும், ஊரார் அனைவரும் படுகளம் என்னும் வெளிநிலத்தில் கூடுவர். அங்கே மண்ணால் இயற்றிய துரியோதனன் உருவம் மிகப் பெரிதாகப் படுத்திருக்கும். வீமன் வேடம் பூண்டவன் அதன் தொடையைப் பிளப்பான்; அம்மன் கூந்தல் முடிப்பாள். சினம் தீர்ந்தது; சூள் நிறைவேறிற்று. அவ்வளவில் ஊரார் வீடு திரும்பினால் அஃது ஒரு கட்சியின் வெற்றி விழாவாகவே இருக்கும். ஆனால் துரியோதனன் மனைவி பெருந்திருவாளும் அக்களத்துக்கு வருகின்றாள். மாண்ட கணவனுக்காக அவள் வைக்கும் ஒப்பாரியையும் ஊர் நின்று கேட்கின்றது. பகைவன் மனைவியின் அழுகைக்கும் இடமளித்த பின்னரே விழா நிறைவெய்துகின்றது. விழாச் செலவை ஏற்ற பெரியவரும், கூத்துப் பார்க்கத் தோளில் ஏறி வந்த குழந்தையும் ஒருசேரக் கற்கும் பாடம் இது.

இன்னுமொன்று கூறவேண்டும். கூத்தில் அரசன் திரைக்குப்பின் நின்று தன் பெருமை பாடுங்கால், அவனைக் கேள்வி கேட்பவன் கட்டியங்காரன். அவன் எளியவன், ஊரார் பேசும் மொழியையே பேசுபவன். ‘நீர் பெரிய அரசராயிற்றே, உமது போரால் எங்களுக்கு என்ன கிடைத்தது?’ என்னும் போக்கில் அவன் நகையாடும்போது, முடியுங் கவசமும் புனைந்த அரசனும் விடை சொல்லியாக வேண்டும். ரூக்ஸ் ரெஸ்ட்டிற் சாம்பலான காலாட்களுக்கு அவ்வாறு பேச ஒரு நாவு இல்லை. பெரும்பொருட் செலவிற் செய்த நாகங்களின் இடையே மத்தளமும் முகவீணையும் கொண்ட ஏழைக் கூத்து தலைநிமிர்ந்து நிற்கத்தக்க இடம் இது.

‘இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே! இத்துணை ஆராய்ச்சி எதற்கு?’ என்று சிலர் வினவலாம். உடன்பிறந்தார் போர் நமக்குக் கற்பனையாக மட்டும் இருந்திருப்பின் யாமும் இவ்வளவு கூறியிரோம். 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சித்திரை முழுநிலவு நாளன்று, இதே மரக்காணத்திற் சாதிக் கலவரம் மூண்டு எளியோர் குடிசைகள் தீக்கிரையாயின. அந்நெருப்பை எந்நாகமும் உமிழவில்லை. அண்டை அயலார் வைத்த நெருப்பே அது. பின்னும் விழுப்புரத்தையடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் யாவர் புகலாம் என்னும் வழக்கு முற்றி, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதிகாரிகள் அக்கோயிலை மூடி முத்திரையிட்டனர். உயர்நீதிமன்றத்தின் ஆணையால் அது பிற்பாடு திறக்கப்பட்டது. சபை நடுவே இழுத்துவரப்பட்டு நீதி கேட்டவளின் வாயிலே, நீதி கேட்டு வந்தார் தடுக்கப்பட்டமை எண்ணி நாணத்தக்கதன்றோ?

அவ்வாறாயின் படுகளம் கண்ட மாவட்டமும் பாடம் கற்கவில்லையே என்று வினவுவார்க்கு எம் விடை இது. கூத்து எவரையும் வலிந்து நல்லவராக்குவதில்லை. எந்நூலும் எந்நாடகமும் அது செய்யா. ஆயினும், ‘பகையின் முடிவு இதுவென்று எமக்கு எவருஞ் சொல்லவில்லை’ என்று கூறும் வாய்ப்பை அது நம்மிடமிருந்து நீக்கிவிடுகின்றது. ஆண்டுதோறும் களத்திற் கிடந்த உருவத்தையும் அதன் தலைமாட்டில் அழுத பெண்ணையும் கண்டிருந்தும் அயலான் கூரையில் நெருப்பு வைப்பவன், அறியாமல் வைத்தவனாகான். அறிந்து செய்த பிழைக்கு நாணம் வருதல் கூடும்; நாணம் வந்த இடத்தில் திருத்தமும் வருதல் கூடும்.

ஆதலின் நம் மாணவர்க்கு யாம் வேண்டிக்கொள்வன இரண்டே. டிராகன் நாடகத்தைப் பாருங்கள். ஆனால் நாகங்கள் வீழ்ந்ததும் கைப்பேசியை அணைத்துவிடாமல், சாம்பற் களத்தில் நடக்கும் அப்படைத்தலைவனோடு சிறிது தூரம் நீங்களும் நடந்து பாருங்கள். வருங் கோடை விடுமுறையில் உங்கள் ஊருக்கு அண்மையில் பாரதக் கூத்து நிகழுமாயின், சண்டைக் கட்டம் முடிந்ததும் உறங்கச் செல்லாமல், படுகளம் வரை இருந்து வாருங்கள். ஆடுவோர் பெயரையும், அவர் பாடும் பாட்டையும், அவர்க்குக் கிடைக்கும் ஊதியத்தையும் கேட்டெழுதி வந்தால், இவ்விதழின் பக்கங்கள் அவற்றுக்குத் திறந்தே இருக்கும். அங்கே எவரேனும் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பின் அதனையும் எழுதுங்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. அரசர் இட்ட உப்புக்காகப் போர்க்களம் சென்று மடிந்தவரை நம் முன்னோர் நினைந்தனர். நமக்கோ உப்பு இடுபவர் மரக்காணத்து வெயிலில் வெறுங்காலோடு நின்று பாத்தி வாரும் எளியோர். அவர் குடிசையில் மீண்டும் நெருப்புப் படாமற் காப்பது, கல்வி பெற்ற நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.