சாண்டோரினி: செல்ஃபியில் வராத திராட்சைத் தோட்டம்

வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், பின்னணியில் சூரியன் மறையும் கடல். ஹனிமூன் பேக்கேஜ் விளம்பரத்திலோ நண்பரின் இன்ஸ்டா ஸ்டோரியிலோ இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கிரீஸ் நாட்டின் சாண்டோரினி தீவு அது. அந்த ஃபிரேமில் வராத ஒன்று, கேமராவுக்கு முதுகுப் பக்கம், தீவின் கிழக்குச் சரிவில் தரையோடு தரையாகக் கிடக்கிறது. திராட்சைத் தோட்டம்.

திராட்சை என்றதும் பந்தலும் அதில் தொங்கும் குலைகளும் நினைவுக்கு வரும். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. சாம்பல் நிற மண்ணில் ஏதோ ராட்சதப் பறவை ஆங்காங்கே கூடு கட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும். விவரம் தெரியாதவர் காய்ந்த புதர் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். ஆனா அந்தக் கூட்டுக்குள்ளேதான் உலகின் பேர்பெற்ற வெள்ளை ஒயின்களில் ஒன்றுக்கான பழம் விளைகிறது.

இந்தத் தோட்டங்கள் இப்போது சுருங்கிக்கொண்டே வருகின்றன. காரணம் கேட்டால் "பருவநிலை மாற்றம்" என்று சட்டென்று பதில் வரும். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பேச அங்கே பலருக்கும் தயக்கம்.

ஏன் கூடு?

ஈஜியன் கடலில் கோடை முழுக்க வடக்கிலிருந்து பலமாக ஒரு காற்று வீசும். மெல்டெமி என்று அதற்குப் பெயர். கோடைக்கு முன்பும் தீவில் காற்றுக்குக் குறைவில்லை. தளிரை ஒடிக்கும், பூவை உதிர்க்கும், மண் துகளை வாரி இலை மேல் அடிக்கும். கூடவே கடல் உப்பையும் கொண்டுவந்து சேர்க்கும். கொடியை நிமிர்த்தி வளர்த்தால் தாங்காது.

அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்யும்போது தண்டுகளை வட்டமாகச் சுற்றிப் பின்னி, கூடையாக்கிவிடுகிறார்கள். உள்ளூர் மொழியில் கூலூரா. குலைகள் கூடைக்கு உள்பக்கம் காய்க்கும், மேலே இலைகள் குடை பிடிக்கும். காற்றும் அடிக்காது, வெயிலும் பழத்தைச் சுடாது. கூடை பல பத்தாண்டுகள் வளர்ந்து விளைச்சல் குறைந்ததும், மேல்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பழைய வேரிலிருந்தே புதுத் தண்டு விட வைக்கிறார்கள். மேலே இருக்கும் கொடிக்கு ஒரு வயது, கீழே இருக்கும் வேருக்கு வேறு வயது.

காற்று வெறும் வில்லனும் அல்ல. இலையில் ஈரம் தங்க விடாமல் உலர்த்துவதால் பூஞ்சை நோய் குறைவு. ஆகஸ்ட் வெயிலின் உக்கிரத்தையும் அதுதான் தணிக்கிறது.

எரிமலை கொடுத்த மண்

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் நடுப்பகுதி வெடித்துச் சிதறியது. அக்ரோத்திரி என்ற செழிப்பான ஊர் சாம்பலுக்குள் அப்படியே புதைந்தது. 1967-ல் ஸ்பிரிடோன் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் அதைத் தோண்ட ஆரம்பித்தார். சுற்றுலாப் பயணிகள் பால்கனியில் நின்று பார்க்கும் அந்தப் பள்ளமான கடல், எரிமலையின் வாய்தான்.

வெடிப்பு விட்டுச்சென்றது சாம்பலும் லாவாவும் நுரைக்கல்லும் கலந்த மண். மக்கிய சத்து கிட்டத்தட்ட இல்லை. களிமண் மிகக் குறைவு. சாதாரணக் கணக்கில் இது பயிருக்கு உதவாத பூமி. ஆனா இதே குறை ஒருமுறை தீவைக் காப்பாற்றியது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி, ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. அமெரிக்க இனத்தின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் பிரான்ஸே பிழைத்தது. களிமண் இல்லாத சாண்டோரினி மண்ணில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. இன்றைக்கும் இங்குள்ள கொடிகள் ஒட்டு இல்லாமல் சொந்த வேரில் நிற்கின்றன.

சரி, தண்ணீர்? தீவில் ஆறு கிடையாது. ஆண்டு மழை 350 மில்லிமீட்டர் அளவுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் வானம் ஒரு சொட்டும் தராத மாதங்கள் உண்டு. அப்போது கைகொடுப்பது நுரைக்கல். துளைத்துளையாக இருக்கும் அந்தக் கல், பஞ்சுபோல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. இரவில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரக் காற்றும் பனியும் அதில் படிந்து, பகலில் மெல்லக் கசிகின்றன. இந்தச் சிறு சேமிப்பைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் கொடிகளை இவ்வளவு இடைவெளி விட்டு நடுகிறார்கள்.

இதில் விளையும் முக்கிய ரகம் அஸிர்டிகோ. வெயில் ஏற ஏறப் பழத்தில் இனிப்பு கூடிப் புளிப்பு குறைவது திராட்சையின் பொது குணம். புளிப்பு போனால் வெள்ளை ஒயின் சப்பென்று ஆகிவிடும். அஸிர்டிகோ மட்டும் வெயிலில் நன்றாகப் பழுத்த பிறகும் புளிப்பை விடுவதில்லை. ரகத்தின் குணம் ஒரு காரணம். மண்ணில் பொட்டாசியம் குறைவாக இருப்பது இன்னொன்று. பொட்டாசியம் கூடினால் பழத்தின் புளிப்பு மட்டுப்படும். வெப்பம் கூடிவரும் உலகில் இப்படி ஒரு ரகத்துக்கு மவுசு இருக்காதா? ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில்கூட நட்டு, ஒயினும் எடுக்கிறார்கள்.

வெயிலா, வில்லாவா?

ஆக, வறட்சி, புயல்காற்று, சத்தில்லாத மண் மூன்றோடும் நூற்றாண்டுகளாகப் போராடிப் பழகிய செடி இது. அதற்காக இன்றைய வறட்சி சாதாரணம் என்று சொல்லிவிட முடியாது. குளிர்கால மழை அடுத்தடுத்துப் பொய்த்தால் நுரைக்கல்லில் சேமிப்பே இருக்காது. சமீபத்திய ஆண்டுகளில் அறுவடை கடுமையாகச் சரிந்ததற்கு அதுவே நேரடிக் காரணம். ஆனால் வறண்ட வருடத்துக்குப் பின் நல்ல மழை வந்தால் கொடி தேறும். கான்கிரீட் போட்ட பிறகு தேறாது.

தீவின் நிரந்தர மக்கள் சுமார் 15,000 பேர். ஆண்டுக்கு வந்துபோகிறவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். 2024 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 17,000 பேர் சொகுசுக் கப்பல்களில் வந்து இறங்கினார்கள். கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இவ்வளவு கூட்டம் வரும் இடத்தில், கடல் தெரியும் ஒரு துண்டு நிலத்துக்கு என்ன விலை இருக்கும்? கூடைக் கொடியின் விளைச்சல் மிகக் குறைவு. இயந்திரம் உள்ளே போகாது. குனிந்து குனிந்து கையால்தான் பறிக்க வேண்டும். அறுவடை வருவதோ ஆகஸ்டில், ஹோட்டல்களில் ஆள் தேவை உச்சத்தில் இருக்கும்போது. ஏசி அறையில் வேலையும் டிப்ஸும் கிடைக்கும்போது, வெயிலில் முதுகு ஒடியப் பழம் பறிக்க இளைஞர்கள் வரவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

நிலத்தை விற்கும் குடும்பங்களைத் திட்டுவதும் சுலபம், அதுவும் தப்பு. 1956 ஜூலையில் வந்த பெரும் நிலநடுக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல குடும்பங்கள் ஊரையே காலி செய்தன. அந்த வறுமையிலிருந்து தீவைத் தூக்கி நிறுத்தியது சுற்றுலாதான். "எங்கள் தாத்தா பட்ட கஷ்டத்தை நீங்கள் ரசிப்பதற்காக நாங்களும் படணுமா?" என்று ஒருவர் கேட்டால், ஏதென்ஸிலோ லண்டனிலோ ஒயின் கிளாஸோடு உட்கார்ந்திருப்பவரிடம் பதில் இருக்காது.

ஆகவே "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று போஸ்டர் ஒட்டுவது உதவாது. விவசாயியின் கணக்கு நஷ்டமில்லாமல் முடிய வேண்டும். தோட்ட நிலத்தில் கட்டடம் கூடாது என்று கறாரான தடை முதலில் வேண்டும். தடை மட்டும் போட்டால் சுமை முழுக்க நிலக்காரர் தலையில் விழும். அதனால் பயணிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, கொடி வளர்ப்பவருக்கு நேராகப் போக வேண்டும். அந்தச் சரிவுகளின் அழகும் ஹோட்டல்காரர்கள் விற்கும் சரக்கில் சேர்த்திதானே! கூடையைப் புனிதமாக்கவும் தேவையில்லை. காற்று அதிகம் படாத மனைகளில் கம்பி கட்டி வளர்த்துப் பார்ப்பதையும் சொட்டுநீரையும் துரோகம் என்று ஒதுக்கினால், மிஞ்சுவது போட்டோவுக்கான நாலு கூடைகள் மட்டுமே.

2025 பிப்ரவரியில் தொடர் நில அதிர்வுகளால் 11,000-க்கும் மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறியபோது, சுற்றுலா ஒன்றையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்தது. பயணிகள் பிறகு திரும்பி வந்தார்கள், கட்டுமானக் கிரேன்களும் ஓய்ந்தபாடில்லை.

இனி தீவில் சண்டை தண்ணீருக்குத்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்பித்தான் ஊரே இருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஹோட்டல்களின் நீச்சல் குளங்கள் நிரம்புகின்றன. மழை பொய்த்த வருடத்தில் காய்ந்து நிற்கும் கொடிக்கு அதில் எத்தனை லிட்டர், என்ன விலைக்கு, யாருக்குப் பிறகு என்பதை இப்போதே எழுத்தில் வைக்காவிட்டால், வழக்கம்போல் நீச்சல் குளத்துக்குத்தான் முதலில் போகும்.