முடிவைப் பார்க்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்

சென்ற ஆண்டு என் அப்பாவுக்குத் திடீரென்று இடுப்புவலி. மூன்றாம் நாளே, “எம்ஆர்ஐ எடுத்துவிடலாம், காப்புறுதிதான் இருக்கிறதே” என்றார். காய்ச்சல், எடைக்குறைவு, காலில் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று மருத்துவர் விசாரித்தார். எதுவும் இல்லை. “இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். படுத்துவிடாமல் நடமாடுங்கள்” என்றார். அப்பாவுக்கு மனக்குறைதான். ஆனால் ஐந்து வாரங்களில் வலி போய்விட்டது.

மருத்துவர் பணத்தை மிச்சப்படுத்தவில்லை, அறிவியலைப் பின்பற்றினார். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகள் 2015இல் தொகுக்கப்பட்டன. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் அதில் ஏதாவது தெரிந்திருக்கும். அதையே வலிக்குக் காரணமாக நினைத்து, ஊசி, அறுவை சிகிச்சை என்று அலைந்திருப்போம்.

சிங்கப்பூரில் மெடிஷீல்ட் லைஃப் திட்டம் 2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுதும் காப்புறுதி தருகிறது. எல்லாரும் கட்டும் சந்தா ஒரே நிதியில் சேர்கிறது. தேவையற்ற சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு வெள்ளியும் அந்த நிதியிலிருந்தே போகிறது. எனவே, மருத்துவ ரீதியில் தேவையான சிகிச்சைக்குத்தான் கோரிக்கை வருகிறதா என்று சுகாதார அமைச்சு சரிபார்க்கிறது. விதிகளை மீறும் மருத்துவர் கோரிக்கை விடுக்கும் தகுதியையே இழக்க நேரலாம். இந்தச் சரிபார்ப்பு அவசியம் என்பதே என் கருத்து.

ஆனால் எதை வைத்துச் சரிபார்ப்பது? இங்கேதான் கவனம் தேவை.

ஆய்வுக்கூடத்தில் லிட்மஸ் தாள் நிறம் மாறவில்லை என்பதற்காக நான் மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அந்தச் சோதனையை ஏன் செய்தார் என்று எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். மருத்துவச் சோதனைக்கும் அதே அளவுகோல்தான் பொருந்தும். முன்பு புற்றுநோய் வந்த ஒருவருக்கு இடுப்புவலி என்றால் உடனே ஸ்கேன் எடுப்பது நியாயம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் அது வீண்செலவு ஆகாது. மூன்று நாள் வலிக்கு எடுத்த ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தாலும் அது தேவையான சோதனை ஆகிவிடாது. முடிவெடுத்த நாளில் மருத்துவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதே கேள்வி.

ஆகவே, மருத்துவர் காரணத்தைச் சோதனைக்கு முன்பே குறித்து வைக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டால், அதன் காரணம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். வெறும் விதி எண் என் அப்பாவைப் போன்றவர்களுக்குச் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. அடுத்த முறை ஸ்கேன் கேட்குமுன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “இதன் முடிவு என் சிகிச்சையை மாற்றுமா?”