வாய் வாசிக்கட்டும், மனம் பயன் சொல்லட்டும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. இந்த வரியை வாசிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்குள்ளே ஒரு குரல் இதனைச் சொல்லிக்கொண்டு போகிறதா? சத்தம் வெளியே வராமல், யாரோ உள்ளேயிருந்து வாசித்துக் காட்டுவது போன்ற குரல். உங்களில் பெரும்பாலானோர் "ஓம்" என்றே சொல்வீர்கள். சிலருக்கு உதடும் சேர்ந்து அசையும். இன்னுஞ் சிலர் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி முணுமுணுப்பார்கள்.

இப்பழக்கம் வேகத்தைக் குறைக்கும், கவனத்தைச் சிதறடிக்கும், ஆகவே இதனை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் பலர். வேக வாசிப்புப் பயிற்சி விளம்பரங்களும் இதையே சொல்கின்றன. சில வருடங்களுக்கு முன்னர் வரை நானும் வகுப்பில் இதையே சொல்லி வந்தேன். அது பிழையான அறிவுரை என்பதே இன்று எனது கருத்து. நான் ஏன் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மாணவி தந்த பதில்

எமது கல்வி நிலையத்தில் வரலாறு படித்த மாணவி ஒருவர் முன் வாங்கில் இருப்பார். வாசிக்கும்போது அவருடைய உதடு அசைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும், "ஆண்டு ஒன்றுப் பிள்ளை மாதிரி என்ன முணுமுணுப்பு? வாயை மூடிக்கொண்டு வாசி" என்று ஏசிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

அடுத்த மாதாந்தப் பரீட்சையில் அவருடைய புள்ளி வெகுவாகக் குறைந்தது. விடைத்தாளைப் பார்த்தால், பாடம் தெரியாமல் விட்ட பிழைகள் குறைவு. வினாவைப் பிழையாக விளங்கிக்கொண்டு விட்ட பிழைகளே அதிகம். அழைத்துக் காரணம் கேட்டேன்.

"சேர், வாய் அசையக்கூடாது எண்டதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். வாசிச்சது ஒண்டும் மனதிலை நிக்கேல்லை."

அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. கவனம் சிதறக்கூடாது என்பதற்காக நான் சொன்ன அறிவுரையே அப்பிள்ளையின் கவனத்தைப் பாடத்திலிருந்து பிடுங்கி உதட்டின் மேல் வைத்துவிட்டது. அதன் பின்னரே இது பற்றி அறிந்தோர் என்ன சொல்கிறார்கள் என்று தேடி வாசித்தேன்.

ஆய்வுகள் கூறுவன

வேக வாசிப்பு என்பது புதிய விடயம் அன்று. அமெரிக்காவில் ஈவ்லின் வூட் என்ற ஆசிரியை 1959 இல் தொடங்கிய பயிற்சி நெறியே இதனைப் பிரபலப்படுத்தியது. உட்குரல் ஒரு தடை, அதனை நீக்கினால் வேகம் பல மடங்காகும் என்ற எண்ணம் அக்காலந்தொட்டுப் பரவி வருகிறது.

இந்த எண்ணம் சோதித்துப் பார்க்கப்பட்டும் உள்ளது. மௌனமாக வாசிக்கும்போதும் தொண்டைத் தசைகளில் மெல்லிய அசைவு உண்டாவதைக் கருவிகள் மூலம் அளக்கலாம். அமெரிக்க ஆய்வாளர்களான ஹார்டிக், பெற்றினோவிச் ஆகியோர், அந்த அசைவு தோன்றும் போதெல்லாம் வாசிப்பவருக்கு ஓர் ஒலி கேட்கும்படி செய்து, அதனை அடக்கப் பழக்கலாம் என்று 1966 இல் காட்டினார்கள். ஆனால் 1970 இல் அவர்கள் வெளியிட்ட அடுத்த ஆய்வின் முடிவுதான் நமக்கு முக்கியமானது. இலகுவான பகுதியை வாசித்தபோது அசைவை அடக்கியதால் பாதிப்பு ஏற்படவில்லை. கடினமான பகுதியை வாசித்தபோதோ விளக்கம் குறைந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த அலன் பாட்லி என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1981 இல் வேறொரு வழியில் இதனைச் சோதித்தார்கள். வாசிப்பவரின் வாய்க்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். தொடர்பில்லாத ஒன்றை அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வாசிக்க வேண்டும். அவ்வாறு உட்குரல் தடைப்பட்டபோது, வாக்கியத்தில் பொருந்தாத சொல் இருப்பதையும் சொற்களின் வரிசை மாறியிருப்பதையும் கண்டுபிடிப்பதில் அவர்கள் கூடுதலாகத் தவறினார்கள்.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். வரலாற்றுப் பாடநூலில் நீங்கள் இன்னும் படிக்காத ஒரு பந்தியை எடுத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று விடாமல் சொல்லிக்கொண்டே அதனை வாசியுங்கள். பின்னர் புத்தகத்தை மூடிவிட்டு வாசித்ததைச் சொல்லுங்கள். அடுத்த பந்தியை வழமை போல வாசித்துவிட்டு அதையும் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்.

இதன் காரணம் இலகுவானது. ஒரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லுக்கு வரும்போது அதன் முதற் சொல் மனதில் இருந்தாக வேண்டும். அதுவரை சொற்களை வரிசை மாறாமல் பிடித்து வைத்திருக்க உட்குரல் உதவுகிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியிலேயே வரும். "செய்தார்" என்பதா, "செய்யவில்லை" என்பதா என்று அறிய வாக்கியம் முழுவதையும் தாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே, உட்குரலின் உதவி நமக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவை என்று நான் கருதுகிறேன்.

நிமிடத்துக்கு எத்தனை சொல்?

"நிமிடத்துக்கு 1000 சொற்கள் வாசிக்கலாம்" என்ற விளம்பரங்களைக் கண்டு நீங்கள் தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டியதில்லை. முன்னர் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலத்தில் வளர்ந்தோர் ஒருவர் கட்டுரை நூலொன்றை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 238 சொற்கள். சத்தமாக வாசிக்கும்போது 183 சொற்கள். தமிழுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தவும் முடியாது. "நூலகத்திலிருந்து" என்பது தமிழில் ஒரு சொல். அதையே ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக எழுதுவார்கள்.

வாசிப்பு ஆய்வில் பெயர்பெற்ற கீத் ரெய்னரும் வேறு நால்வரும் எழுதி 2016 இல் வெளியான விரிவான மீளாய்வும் இதையே வலியுறுத்துகிறது. வேகத்தை மிகவும் கூட்டினால் விளக்கம் குறையும். விளக்கம் குறையாமல் வேகம் கூட வேண்டுமானால் மொழியறிவு வளர வேண்டும், அதற்கு நிறைய வாசிக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

குரல் ஓடும், கவனம் நிற்கும்

அப்படியானால் உட்குரல் இருந்தாற் போதுமா? இல்லை. எனது கருத்தின் மறுபாதி இங்குதான் உள்ளது.

நான் சாதாரண தரம் படித்த காலத்தில் மின்சாரம் இல்லாத இரவுகளில் அரிக்கன் லாம்பின் முன்னிருந்து சத்தம் போட்டுப் படிப்பேன். எங்கள் அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வெற்றிலை இடித்துக்கொண்டு பேசாமல் கேட்டிருப்பார். திடீரென்று, "உன்ரை வாய் படிக்குது. மனம் எங்கையடா போட்டுது?" என்பார். அது ஒருநாளும் பிழைத்ததில்லை. பாடம் எதுவென்று தெரியாத அவர், எனது குரலில் ஏற்ற இறக்கம் போய்விட்டதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

சத்தமாகப் படிக்கும் பிள்ளை படிக்கிறது என்று பெற்றோர் நம்புகிறார்கள். பல தடவை ஓடிய வண்டிப் பாதையில் மாடு தானாகப் போவது போல, வாயும் தானாகப் போகும். மனம் நாளைய கிரிக்கெட் போட்டியில் நிற்கும். பக்கம் முடிந்த பின்னரே அது நமக்குத் தெரிய வரும். ஆகவே, உட்குரல் கேட்கிறது என்பதைக் கவனம் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெறும் கந்தபுராண படனத்தை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அங்கே ஒருவர் பாட்டை வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். வாசிப்பவர் வாசித்து நிறுத்தும் வரை பயன் சொல்பவர் காத்திருப்பார். பயன் சொல்லி முடியும் வரை வாசிப்பவர் காத்திருப்பார். உங்களுக்குள்ளும் இந்த இருவரும் இருக்க வேண்டும். உட்குரல் வாசிப்பவர். மனம் பயன் சொல்பவர். வாசிப்பவரை எழுப்பி அனுப்பிவிட்டால் பயன் சொல்பவருக்கு வேலை இல்லை. பயன் சொல்பவர் தூங்கிவிட்டால் வாசிப்பவர் விடிய விடிய வாசித்தும் பலன் இல்லை. வேக வாசிப்பை விற்போர் முதலாவது தவறைச் செய்யச் சொல்கிறார்கள். நமது பிள்ளைகளில் அதிகமானோர் செய்வது இரண்டாவது தவறு.

வெட்கப்பட வேண்டாம்

குரலோடு வாசிப்பது அறிவுக் குறைவின் அடையாளம் என்று எவரும் எண்ண வேண்டாம். கோயிலில் ஓதும் தேவாரமும் பள்ளிவாசலில் ஓதலும் தேவாலயத்து வாசகமும் குரலாலேயே நிலைத்திருக்கின்றன. நமது ஏட்டுச் சுவடிகளில் புள்ளியும் சொற்களுக்கிடையே இடைவெளியும் பெரும்பாலும் இருக்கவில்லை. வாய்விட்டு வாசித்துத்தான் சொல்லைப் பிரித்தறிந்தார்கள். நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822 - 1879) பாடநூல்களையும் பழைய நூல்களையும் சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகள் இட்டு அச்சிட்டார். கண்ணால் மௌனமாக வாசிப்பது நம்மவர்க்கு இலகுவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மௌன வாசிப்புக்கு எதிராக நான் இதனைச் சொல்லவில்லை. பரீட்சை மண்டபத்தில் சத்தம் வெளியே வரக்கூடாது. முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு இடைஞ்சல், நோக்குநரும் சந்தேகப்படுவார். சத்தமாக வாசிக்கும்போது வேகம் பேச்சின் வேகத்தைத் தாண்டாது என்பதும் உண்மை. ஆகவே, சத்தத்தையும் உதட்டசைவையும் படிப்படியாகக் குறையுங்கள். உட்குரலோடு மட்டும் சண்டை பிடிக்க வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. முதற் தடவை ஓர் அலகைப் பார்க்கும்போது தலைப்புகள், படங்கள், தேசப்படங்கள் ஆகியவற்றை விரைவாகப் பாருங்கள். இங்கே ஒவ்வொரு சொல்லையும் உச்சரிக்கத் தேவையில்லை.

2. கடினமான பந்தியை உட்குரலோடு ஆறுதலாக வாசியுங்கள். வரைவிலக்கணம், காரணம், விளைவு வரும் இடங்களில் அவசரம் வேண்டாம்.

3. பந்தி முடிந்ததும் நிறுத்தி, சொந்தச் சொல்லில் ஒரு வாக்கியம் பயன் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் மனம் வெளியே போய்விட்டது என்று பொருள். ஏசிக்கொள்ளாமல் அந்தப் பந்திக்கு மட்டும் திரும்பிப் போங்கள்.

4. நினைவில் நிறுத்த வேண்டிய ஆண்டு, பெயர், சூத்திரம் போன்றவற்றை வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தமாக வாசித்த சொற்கள் மௌனமாக வாசித்தவற்றை விட நன்றாக நினைவில் நிற்பதாகக் கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010 இல் காட்டினார்கள். ஆனால் முழுப் புத்தகத்தையும் சத்தமாகப் படித்தால் எதுவும் தனித்துத் தெரியாது. தெரிவு செய்த சிலவற்றுக்கு மட்டும் இதனைப் பயன்படுத்துங்கள்.

5. தொலைக்காட்சியோ பாட்டின் வரிகளோ கேட்கும் இடத்தில் படிக்க வேண்டாம். வெளியில் ஒரு குரல் பேசும்போது உட்குரலுக்கு இடைஞ்சல் உண்டாகும்.

பரீட்சை மண்டபத்தில்

ஓர் எடுத்துக்காட்டு:

டொனமூர் அரசியலமைப்பின் பண்பு அல்லாதது எது?
(1) சர்வசன வாக்குரிமை
(2) நிர்வாகக் குழு முறை
(3) இரு மன்றங்களைக் கொண்ட சட்டத்துறை
(4) அரசாங்க சபை

டொனமூர் என்ற பெயரைக் கண்டவுடனேயே கண் முதலாவது விடைக்குத் தாவும். 1931 இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது உங்களுக்கு மனப்பாடம் அல்லவா? "அல்லாதது" என்ற சொல்லை உட்குரல் சொல்லியிருந்தால் அந்தத் தவறு நேராது. இரு மன்ற முறை பின்னர் வந்த சோல்பரி அரசியலமைப்புக்குரியது. ஆகவே விடை (3). வரலாறு, விஞ்ஞானம் ஆகிய பாடங்களின் முதற் பகுதியில் ஒரு மணித்தியாலத்தில் 40 வினாக்கள். வினாவொன்றுக்கு ஒன்றரை நிமிடம். வினாவை முதற் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை மனதுக்குள் ஒரு தடவை முழுமையாகச் சொல்லிப் பார்க்க அதில் சில விநாடிகளே செலவாகும். "அல்லாதது", "தவறானது", "பொருந்தாதது" என்ற சொற்களின் கீழ் கோடிடுங்கள்.

அண்மைக் காலத்தில் இரண்டாம் பகுதி வினாத்தாள்களுக்கு மேலதிக வாசிப்பு நேரமாக 10 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. அந்நேரத்தில் பேனையைத் தேடிக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு வினாவையும் உட்குரலால் வாசித்து, "என்னிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று பயன் சொல்லிப் பாருங்கள். வினாத் தெரிவில் ஏற்படும் தவறுகளில் பெரும்பகுதி அங்கேயே நீங்கிவிடும்.

நான் ஏசிய அந்த மாணவியிடம் பின்னர் வகுப்பின் முன்னாலேயே எனது பிழையைச் சொன்னேன். "உமக்கு விளங்கும் விதத்தில் வாசியும்" என்றேன். நாளடைவில் அவருடைய உதட்டசைவு தானாகவே குறைந்தது. புள்ளியும் பழைய நிலைக்கு வந்தது. இன்றும் வகுப்பில் யாராவது உதட்டை அசைத்து வாசித்தால் நான் பேசாமல் காத்திருப்பேன். பந்தி முடிந்ததும் ஒன்றை மட்டும் கேட்பேன்: "எங்கே, பயன் சொல்லும் பார்ப்போம்!"

உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. அனைவரும் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடைய எனது மனமார்ந்த வாழ்த்துகள்.