உறுதி இல்லாதது பிள்ளைக்கா, வீட்டுக்கா?

“இவனுக்கு மனவுறுதி இல்லை.” நம் இல்லங்களில் இன்று மிக மலிவாக வழங்கப்படும் தீர்ப்பு இதுவே. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த மகன் அரைமணி நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் இந்தத் தீர்ப்பு. சர்க்கரை நோய்க்காக நடக்கத் தொடங்கிய குடும்பத் தலைவர் எட்டாம் நாள் படுக்கையை விட்டு எழாவிட்டால் இந்தத் தீர்ப்பு. சிகரெட்டை விட்டொழித்ததாக அறிவித்தவர் ஒரு மாதத்தில் மீண்டும் பற்ற வைத்தால் அவருக்கும் இதே தீர்ப்பு. தீர்ப்புரைப்போர் சாட்சியம் கேட்பதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரும் வழக்காடுவதில்லை, ‘ஆம், எனக்கு உறுதி போதாது’ என்று ஒப்புக்கொண்டு தலை குனிந்துவிடுகிறார். ஒருமுறை அப்படி ஒப்புக்கொண்ட இளைஞன் அடுத்த முயற்சியைத் தொடங்குமுன்பே தோற்றுவிடுகிறான். ஆகவேதான் இந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுத முற்படுகிறோம்.

நம்முடைய சாட்சியை நாம் தொலைதூரத்தில் தேடவேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ரமலான் வந்து சாட்சி சொல்லிப் போகிறது. உறுதியற்றவன் என்று பெயரெடுத்த அதே மகன் ஏறத்தாழ 13 மணி நேரம் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் இருக்கிறான். அடுப்பில் கறி கொதிக்கும் மணம் வருகிறது, குளிர்ந்த நீர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. ஆயினும் அவன் கை நீளவில்லை. ஒரு நாளன்று, 29 அல்லது 30 நாட்கள். மணிக்கொரு சிகரெட் இல்லாவிட்டால் வேலை ஓடாது என்பவர் பகல் முழுதும் புகையின்றிக் கடை நடத்துகிறார். உறுதி என்பது சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காத பிறவிச் சொத்தாயின், ரமலானில் மட்டும் இவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? ஷவ்வால் பிறை கண்டதும் எங்கே போனது?

‘அஃது இறையச்சத்தின் ஆற்றல்’ என்று விடை வரும். மறுக்கவில்லை. ஆனால் ஈமான் பெருநாளோடு விடைபெற்றுச் செல்வதன்றே! அச்சம் அப்படியே இருக்க, ஒழுங்கு மட்டும் கலைகிறதென்றால், கலைந்துபோன வேறொன்றும் இருக்கவேண்டும். அது என்ன என்று பாருங்கள். ரமலானில் தொடக்கமும் முடிவும் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஸஹருக்கு எழுப்ப வீட்டில் ஒருவர் விழித்திருக்கிறார். பகலில் உணவு கண்ணெதிரே விரிக்கப்படுவதில்லை. தெருவே நோன்பிருக்கிறது. மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குக் கூட்டமாய் அமர்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வோர் இரவும் மறுநாள் நோன்புக்கென்று தனியே நிய்யத்து வைக்கவேண்டும். ‘இனி நல்லவனாக வாழ்வேன்’ என்ற பொதுப்படையான ஆசையன்று அது. நாளை, இந்த ரமலானின் இந்த நோன்பு என்று குறித்துச் செய்யும் தீர்மானம். காலமும் இடமும் கூட்டமும் குறித்த எண்ணமும் சேர்ந்து தாங்குவதால்தான் பலவீனனும் நிற்கிறான். அந்தத் தாங்குகட்டையைப் பெருநாளன்று உருவி எடுத்துவிட்டு, விழுந்தவனை உறுதியற்றவன் என்பது என்ன நியாயம்?

இந்த நியாயத்தைத் தொழிலாகவே நடத்துவோரும் உண்டு. சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் என்று பெயர். ஆண்டு விழா மேடைகளில் அவர்களை அழைத்து மாலை அணிவிக்கிறோம். ‘இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்’ என்பது அவர்கள் கைவசமுள்ள மந்திரம். இந்த எண்ணின் பிறப்பைத் தேடினால் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலில் போய் நிற்கிறது. அறுவை முடிந்தவர்கள் தம் புதிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ மூன்று வாரமேனும் ஆகிறது என்று அவர் கண்டு எழுதியதுதான், ஊர் ஊராகச் சுற்றி, எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு செயல் தன்னியல்பாக நடக்கத் தொடங்க நடுக்கணக்கில் 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 முதல் 254 நாட்கள் வரை. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு நேரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. 22ஆம் நாள் பழக்கம் வேரூன்றவில்லையே என்று மனமுடையும் இளைஞனுக்கு இந்தச் செய்தியை எந்த மேடையில் சொன்னார்கள்?

பேச்சின் பயனையே அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தனர். முதற்குழுவிடம் எதுவும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் குழு உடற்பயிற்சியின் நன்மைகளையும் இதயநோயின் ஆபத்தையும் படித்தது. மூன்றாம் குழு அதையும் படித்து, எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் பயிற்சி செய்வோம் என்று எழுதியும் கொடுத்தது. முதற்குழுவில் 38 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 35 விழுக்காட்டினரும், மூன்றாவதில் 91 விழுக்காட்டினரும் பயிற்சி செய்தனர். ஊக்கவுரை மட்டும் கேட்டவர்கள் ஒன்றும் கேளாதவர்களை விஞ்சவில்லை! நாளும் நேரமும் இடமும் குறித்தவர்களே எழுந்து நடந்தார்கள். மேலே நிய்யத்தைப் பற்றிச் சொன்னதை வாசகர்கள் இங்கே நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய இன்னொரு சோதனையையும் மேடைப் பேச்சாளர்கள் விடமாட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் வால்ட்டர் மிஷல் 1960களின் இறுதியில் தொடங்கியது அது. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பில் சிறந்தனர் என்றும் எழுதினார்கள். பேச்சாளர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். மிட்டாயை மூடி மறைத்தபோது பிள்ளைகள் பல மடங்கு நேரம் காத்திருந்தனர் என்று மிஷலே கண்டதைச் சொல்வதில்லை. 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு 2018இல் வெளியான மறு ஆய்வில், குடும்பத்தின் நிலையையும் வீட்டுச் சூழலையும் கணக்கிற் கொண்டபோது அந்தப் ‘பின்னாள் சிறப்பு’ பெரும்பாலும் கரைந்துபோனதையும் சொல்வதில்லை.

பெற்றோர் அனைவரும் அறியவேண்டியது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் அச்சேறிய சோதனை. மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 28 பிள்ளைகள். மிட்டாயைக் காட்டுமுன், நல்ல வண்ணக்கோல்கள் கொண்டுவருவதாக ஒருவர் வாக்களித்துச் சென்றார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரி 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளைக்கு உறுதி இல்லையா? கூர்ந்த அறிவன்றோ அதற்கு இருக்கிறது! வராத இரண்டாவது மிட்டாய்க்காகக் கையிலிருப்பதை ஏன் இழக்கவேண்டும்? ‘அரையாண்டில் நல்ல மதிப்பெண் எடு, மிதிவண்டி வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லி, எடுத்தபின் ‘முழுஆண்டுக்குப் பார்க்கலாம்’ என்று நழுவும் தந்தை, பிள்ளைக்குப் பொறுமையில்லை என்று எந்த வாயால் குறை சொல்கிறார்? நாளையின்மேல் நம்பிக்கை வைக்கக் கற்றவனே இன்று தன்னைக் கட்டுப்படுத்துவான். அந்த நம்பிக்கையைப் பிள்ளைக்கு ஈட்டித் தருவது பெரியவர்களின் வாக்கு.

நம் மதரஸாக்களில் திருக்குர்ஆனை மனனம் செய்யும் சிறுவர்களைக் காணுங்கள். 30 ஜுஸ்உகள், 6,236 வசனங்கள். தாய்மொழியும் அல்லாத ஒரு மொழியில். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சில ஆண்டுகளில் அதை நெஞ்சில் ஏற்றி ஹாபிழ் ஆகிறான். உலகில் வேறெந்த வயதுவந்தவரும் மலைக்கும் இலக்கு. இதை அவன் எட்டுவது மனவுறுதி பற்றிய சொற்பொழிவு கேட்டா? இன்றைய புதிய பாடம் இத்தனை வரி என்று அளந்து கொடுக்கப்படுகிறது. அதை உஸ்தாதின் முன் அமர்ந்து ஒப்புவிக்கவேண்டும். அண்மைப் பாடங்களைத் திரும்ப ஓதவேண்டும்; பழைய பாடங்களையும் முறைவைத்து ஓதவேண்டும். நேற்றுச் சோம்பியிருந்தால் இன்று காலை தெரிந்துவிடும். முப்பது ஜுஸ்உகளும் ஒருநாளும் அவன் முன்னால் மலையாக நிற்பதில்லை; இன்றைய பாடந்தான் நிற்கிறது. அதே சிறுவன் பள்ளிக்கூடக் கணக்கில் பின்தங்கினால் மட்டும் உறுதியற்றவன் ஆகிவிடுகிறான்! கணக்குப் பாடத்தை நாளொன்றுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தவர் யார்? அன்றாடம் கேட்டுச் சரிபார்த்தவர் யார்?

பெண்மக்களின் நிலையோ இன்னும் பரிதாபம். மகள் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்க விரும்புகிறாள். வீடும் அனுமதி தந்துவிட்டது, பெருமையாகவும் பேசிக்கொள்கிறது. மகரிபுக்குப் பின் அவள் புத்தகத்தை விரிக்கிறாள். பத்து நிமிடத்தில் தேநீர் கேட்டுக் குரல் வருகிறது. அதை முடித்து வந்தால் வந்த விருந்தினருக்குத் தட்டு எடுத்து வைக்கவேண்டும். தம்பியின் சட்டைப் பொத்தான், பாட்டியின் மாத்திரை, நடுக்கூடத்தில் உரத்து ஒலிக்கும் தொலைக்காட்சி. இரவு பதினொரு மணிக்கு அவள் புத்தகத்தின்மேல் உறங்கிப்போகிறாள். தேர்வில் தவறினால், ‘அவளுக்கு அவ்வளவு ஊக்கம் இல்லை, நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம்’ என்ற முடிவு ஆயத்தமாக இருக்கிறது. மாலை ஏழு முதல் ஒன்பது வரை அவளை யாரும் அழைக்கக்கூடாது என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டை ஆறு பேர் கொண்ட வீடு காக்க முடியவில்லை. ஆறு பேருக்கு இல்லாத கட்டுப்பாட்டை அந்த ஒருத்தியிடம் எதிர்பார்க்கிறோம்.

‘அப்படியானால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? மறுமையில் வீட்டைக் கைகாட்டித் தப்பலாமா?’ என்று சிலர் சினக்கக்கூடும். பொறுப்பு உண்டு, அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா உலூமித்தீனில் நஃப்ஸை ஆளும் வழியை வணிகக் கணக்காகவே விளக்குகிறார். அறிவு முதலாளி, நஃப்ஸ் கூட்டாளி. காலையிலேயே கூட்டாளியிடம் நிபந்தனை பேசவேண்டும், அது முஷாரதா. பகலில் கண்காணிக்கவேண்டும், அது முராகபா. நாள் முடிவில் கணக்குக் கேட்கவேண்டும், அது முஹாஸபா. தண்டனையும் கடிந்துரையும் அதற்குப் பின்னரே வருகின்றன. கூட்டாளியின் நாணயத்தை நம்பிக் கல்லாப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை இமாம் அவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்து, இரவில் பேரேடு எழுதி முடிக்காமல் உறங்காத சமுதாயத்துக்கு இதை விளக்கியா சொல்லவேண்டும்? கடைக்குப் பேரேடு வைத்திருப்பவர் தம் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் புகைக்கும் மட்டும் கணக்கின்றி ‘உறுதி’யை நம்புகிறார். கணக்கு வைப்பதும், சோதனைப் பொருளைக் கண்ணெதிரிலிருந்து அகற்றுவதும், உடன் நடக்க ஒரு நண்பரைத் தேடிக்கொள்வதும் ஒருவரின் பொறுப்பே. அதைச் செய்யாதவரைக் கண்டிக்கலாம். அகற்ற முடியாத சூழலில் வைக்கப்பட்ட பிள்ளையைக் கண்டிக்க முடியாது.

ஜமாஅத்துப் பொறுப்பாளர்களிடம் ஒரு சொல். காலையில் ஓதல் நடக்கும் மதரஸாக் கூடங்கள் பல ஊர்களில் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த ஆண்டு விழாவுக்குச் சுயமுன்னேற்றப் பேச்சாளரை அழைக்க ஒதுக்கும் தொகையில், அந்தக் கூடத்தை இரவு ஒன்பது மணி வரை திறந்துவைக்க ஓர் ஆளை அமர்த்துங்கள். விளக்கும் மேசையும் இருக்கட்டும். நுழையும்போதே கைப்பேசிகளை வாங்கி வைக்க வாயிலில் ஒரு பெட்டி இருக்கட்டும். அன்று என்ன படிக்கப் போகிறோம் என்று எழுதவும், எழும்போது எவ்வளவு படித்தோம் என்று குறிக்கவும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கென ஓர் அறையைத் தனியே ஒதுக்குங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள், விருந்துப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும் அறை இருக்கிறது.