மேலடுக்கைக் காத்தால்தான் கீழடுக்கு பேசும்

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது டிமானிசி. மஷாவேரா, பினெசாவுரி என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் உயர்ந்து நிற்கும் மேட்டு நிலம் அது. கடந்த ஆண்டு விடுமுறையில் அங்குச் சென்றேன். ஆதிமனிதனின் எலும்புகள் கிடைத்த இடம் என்று கேள்விப்பட்டுச் சென்ற என் கண்ணில் முதலில் பட்டவை கோட்டைச் சுவர்களும், 6ஆம் நூற்றாண்டின் சியோனி தேவாலயமும், கூரையிழந்த வீடுகளின் அடித்தளங்களும்தான். இடைக்காலத்தில் வணிகப் பாதையில் செழித்திருந்த ஒரு நகரத்தின் மிச்சம் இது. ஆதிமனிதனைத் தேடும் அகழாய்வுக் குழி இந்த இடிபாடுகளுக்கு அருகிலேயே ஒரு கூரையின் கீழ் இருக்கிறது.

இரண்டு காலங்களும் தற்செயலாக ஓரிடத்தில் அமைந்துவிட்டன என்று கடந்து போய்விட முடியாது. மேலே இருக்கும் நகரம் கவனமாக ஆராயப்பட்டதால்தான் கீழே புதைந்திருந்த மனிதனை உலகம் அறிந்தது.

தொல்லியலாளர்கள் 1936ஆம் ஆண்டிலேயே இங்கு அகழாய்வைத் தொடங்கிவிட்டனர். அப்போது அவர்கள் தேடியது இடைக்கால நகரத்தை மட்டுமே. அந்நகர மக்கள் தானியம் சேமிக்க நிலத்தில் ஆழமான குழிகளை வெட்டியிருந்தனர். 1983இல் அத்தகைய குழியில் விலங்கின் பல் கிடைத்தது. அது எப்போதோ அழிந்துபோன காண்டாமிருக இனத்தின் பல் என்று தொல்லுயிரியலாளர் அபெசாலோம் வெகுவா கண்டறிந்தார். மறு ஆண்டே கற்கருவிகள் வெளிப்பட்டன. 1991இல் ஒரு மனிதத் தாடை எலும்பு கிடைத்தது. அதன் பின்னர் ஐந்து மண்டை ஓடுகள் கிடைத்துள்ளன. இவற்றின் வயது ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய மனித எலும்புகளில் இவை அடங்கும்.

இந்த எலும்புகள் பாடநூல்களையே மாற்றின. பெரிய மூளையும் மேம்பட்ட கருவிகளும் வாய்த்த பிறகே மனிதன் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறினான் என்பது முன்பு பரவலாக இருந்த கருத்து. ஆனால், டிமானிசியின் ஐந்தாவது மண்டை ஓட்டில் மூளைக்கு இருந்த இடம் வெறும் 546 கன சென்டிமீட்டர். நம்முடையதில் பாதிகூட இல்லை. கருவிகளும் மிக எளியவை. இன்னொரு மண்டை ஓடு, பற்களை ஏறக்குறைய முழுவதும் இழந்த பிறகும் சில காலம் வாழ்ந்த ஒருவருடையது. உடனிருந்தவர்கள் அவருக்கு உணவு கொடுத்து உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

இப்போது இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். டிமானிசியின் அண்டை வட்டாரமான போல்னிசியில் சக்திரிசி என்ற இடம் உண்டு. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கம் தோண்டிய சுரங்கம் அங்கு இருந்தது. 2013இல் அதன் பாதுகாப்புத் தகுதி நீக்கப்பட்டது. ஆய்வாளர்களும் பொதுமக்களும் எதிர்த்தும் 2014 டிசம்பரில் புதிய சுரங்கப் பணிக்காக அது அழிக்கப்பட்டது. ஒரே நாடு, அருகருகே இரண்டு இடங்கள். ஒன்று உலகப் புகழ் பெற்றது; மற்றொன்று தரைமட்டமானது.

நமக்கும் இந்தக் கதை புதிதன்று. கடாரம் என்று நம் முன்னோர் அறிந்த கெடாவில், பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அது மரபுடைமையாக அரசிதழில் பதிவு செய்யப்படாமல் இருந்தது பிறகே பலருக்குத் தெரியவந்தது. அதே பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில்தான், செம்பனை மரங்களுக்கு இடையே, இரும்பு உருக்கிய பழங்கால உலைகளின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன.

வேலைவாய்ப்பும் வீடமைப்பும் வேண்டாமா என்ற கேள்வி நியாயமானதே. சுரங்கத்தை நம்பி வாழும் குடும்பங்களிடம், பழைய குழி ஒன்றுக்காக வருமானத்தை விட்டுக்கொடுங்கள் என்று சொல்வது எளிதன்று. ஆனால், கட்டுமானத்தைத் தள்ளிப்போடலாம், வேறிடத்துக்கு மாற்றலாம். கலைக்கப்பட்ட மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் ஒரு பொருள் இருந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலம் கணிக்கப்படுகிறது. எந்திரம் ஒருமுறை வாரிவிட்டால் எலும்பு மிஞ்சினாலும் அதன் வரலாறு மிஞ்சாது.

எனவே, தொல்பொருள் இருக்கக்கூடிய நிலங்களில் அகழாய்வு முடிந்த பிறகே மேம்பாட்டு அனுமதி வழங்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் இடங்களைப் பதிவு செய்வதில் வேகம் வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வட்டாரத்துப் பழைய கோயில், தோட்டத்து லயம், கல்லறை ஆகியவற்றைப் படம் எடுத்து, இருக்கும் இடத்தையும் மூத்தவர்கள் சொல்லும் தகவல்களையும் எழுதி வையுங்கள். வரலாற்றுக் கழகம் உள்ள பள்ளிகள் இதை ஓராண்டுத் திட்டமாகவே செய்யலாம். எது இருந்தது என்ற பதிவு கையில் இருந்தால்தான், அதைக் காக்கும்படி நாம் கேட்க முடியும்.