காரை ஓட்டியவர் எவர்?

“படம்தானே! கற்பனைதானே! அதிலே வரலாற்றைத் துருவுவானேன்?” என்று கேட்கின்றனர் கலைக்காவலர் சிலர். துருவத்தான் வேண்டும், தோழர்களே! 1915-இல் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற படம் கூ க்ளக்ஸ் கிளான் கொலைகாரரை வீரராக்கிக் காட்டிற்று. மாண்டு கிடந்த அக்கூட்டம் அதே ஆண்டில் மீண்டும் எழுந்தது. பள்ளியிலே பாடம் சொல்லும் நாம் அறிவோம்: ஏட்டைப் புரட்டாத இளைஞனுக்குத் திரையே ஏடு.

அந்தப் படம் பகைவர் எடுத்தது. நண்பர் எடுத்ததைப் பாருங்கள். 1988-இல் வந்த ‘மிசிசிப்பி பர்னிங்’, ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஒளியிலே குறையில்லை, உண்மையிலேதான் இருள்!

1964 ஜூன் 21 இரவு, மிசிசிப்பி மாநிலத்தில், கருப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞரைக் கிளான் வெறியர் சுட்டுக் கொன்றனர். காவல் துறையினரும் அதற்கு உடந்தை. மைக்கேல் சுவர்னர், ஆண்ட்ரூ குட்மேன் இருவரும் வெள்ளையர். ஜேம்ஸ் சேனி அம்மண்ணிலேயே பிறந்த கருப்பின இளைஞர், வயது 21. காரை ஓட்டியவர் சேனி. படத்திலோ ஓட்டுபவன் வெள்ளையன், கருப்பன் பின்னிருக்கையில்! நடிகர் பட்டியலில் அவனுக்குப் பெயர்கூட இல்லை, ‘கருப்புப் பயணி’யாம். பேருந்தின் பின்பகுதியே உங்களுக்கு என்ற இழிவை எதிர்த்து, 1955 டிசம்பர் தொட்டு 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து வென்றனரே மாண்ட்கோமரி மக்கள்! அவர்கள் இனத்தானைத் திரை மீண்டும் பின்னே தள்ளிற்று.

சிறு பிழை என்பீரோ? படம் நெடுக இதே போக்கு. நாயகர் இருவரும் வெள்ளை எஃப்.பி.ஐ. அதிகாரிகள். கருப்பின மக்களோ, ஒரு சிறுவன் நீங்கலாக, அஞ்சுவர், அழுவர், தொழுவர். பருத்திக்காட்டில் உழைத்த ஃபேனி லூ ஹேமர், சிறையிலே தாம் பட்ட அடிகளை அதே ஆண்டு ஆகஸ்டில் நாடே கேட்க எடுத்துரைத்தார். அத்தகைய நெஞ்சுரத்துக்கு அங்கே இடமில்லை! எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவரோ, மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக் கேட்கச் செய்தவர். 1964 நவம்பரில் அவரைப் பொய்யரென்று ஏசியவர். அந்தத் துறைக்கா மீட்பர் வேடம்?

மூவரையும் தேடிய நாட்களில் ஆற்றிலிருந்து வேறு இரு கருப்பின இளைஞரின் உடல்களும் கிடைத்தன. மே மாதமே கொல்லப்பட்டவர்கள். அவர்களைத் தேடி எந்தப் படையும் வரவில்லை.

படம் முடிகையில் தண்டனைகளை வரிசையாகக் காட்டுகிறார்கள். நீதி வென்றதென்று மகிழ்ந்து எழுகிறான் பார்த்தவன். 1967-இல் எழுவர் தண்டிக்கப்பட்டது சதிக் குற்றத்துக்கு. ஆறாண்டுக்குமேல் எவரும் சிறையில் இருக்கவில்லை. மிசிசிப்பி மாநிலம் தன் நீதிமன்றத்தில் ஒருவனைத் தண்டித்தது 2005-இல், 41 ஆண்டு கழித்து.