வெள்ளக் கணக்கும் பொதுஜனங்களும்

2015 டிசம்பர் முதல் தேதி இரவைச் சென்னைவாசிகள் எளிதில் மறந்துவிட முடியாது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் அடையாற்றில் விடப்பட்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் பலர், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பிறகே ஆபத்தை உணர்ந்தனர். இது மனிதரால் விளைந்த விபத்து என்று மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையே பின்னர் கூறிற்று.

சாஸ்திர நிபுணர்கள் அதன்பின் வாளாவிருக்கவில்லை. பம்பாய், சென்னை ஐ.ஐ.டி.க்களும், அண்ணா சர்வகலாசாலையும், பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் கூடி உழைத்ததன் பயனாக, ‘சி-ஃப்ளோஸ்’ என்னும் வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாடு 2019-ல் வெளியாயிற்று. பெய்யவிருக்கும் மழை, ஆற்றின் ஓட்டம், கடலின் ஏற்றவற்றம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் இட்டு, எந்த வார்டில் எவ்வளவு ஜலம் தேங்கும் என்று முன்னதாகவே கணக்கிடுவது இதன் வேலை. நம்மவர் அறிவுக்கு இது பெருமை தருவதே.

ஆயினும் 2021 நவம்பரில் தியாகராய நகர் முழங்காலளவு ஜலத்தில் தத்தளித்ததே, அது ஏன்? அந்நகரே 1920-களில் நெடுஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் ஏரியின் பெயரைத் தாங்கிய வீதி இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாயின் மடியிலேயே ரயில் தூண்கள் நிற்கின்றன. கம்ப்யூட்டருக்குத் தாட்சண்யம் கிடையாது. கடைவாடகை எவ்வளவு என்று அது கேட்பதில்லை; பள்ளம் எது என்று மட்டுமே கேட்கிறது. அது சொல்லும் விடையைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் மனிதர்கள் அல்லவா?

கணக்கு சில சமயம் பிழைபடும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2021 டிசம்பர் 30-ந் தேதி முன்னறிவிப்பின்றிக் கொட்டிய மழை நகரைத் திணற அடித்தது. மழையின் அளவே தவறினால் மற்றக் கணக்கெல்லாம் தவறத்தான் செய்யும். ஆகையால் ஜனங்களிடம் சொன்னால் வீண் பீதி உண்டாகும் என்று சிலர் வாதிக்கலாம். இவ்வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. வானத்தை நம்பியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் ஜனங்களுக்கு, ‘வரலாம்’ என்பதற்கும் ‘வரும்’ என்பதற்கும் உள்ள வேற்றுமை நன்கு தெரியும். சொல்லப்படாத உண்மைதான் அவர்களைக் கொல்லும்.

எனவே நாம் கேட்பவை இரண்டே. முதலாவது, எந்த வீதிக்கு ஆபத்து என்ற விவரம் அதிகாரிகளின் மேஜையோடு நின்றுவிடாமல், தெளிந்த தமிழில், பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு வார்டிலும் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். இரண்டாவது, பள்ளம் என்று கணக்கு காட்டும் இடத்தில் கட்டடத்துக்கு அனுமதி தருவோர், அதற்குரிய காரணத்தைப் பொதுஜனங்கள் முன் எழுத்து மூலம் கூற வேண்டும். ஜனங்களின் வரிப்பணத்தில் விளைந்த அறிவு ஜனங்களின் சொத்து. அதை அவர்களிடம் ஒப்படைப்பது சலுகையன்று, கடமையே ஆகும்.